விழாத சுவிட்ச்

இந்த அறையின் ஏர்கோனுக்குத் தனி லைன் இழுத்திருக்கிறார்கள், சார். நல்ல வேலை. இப்போதெல்லாம் கண்ட சாக்கெட்டில் செருகிவிட்டுப் போய்விடுகிறார்கள். நான் வயர்மேன். எந்த இடத்துக்குப் போனாலும் என் கண் முதலில் அங்கேதான் போகும்.

பெயர் தனபாலன். கோல சிலாங்கூரில் என் அக்கா புஷ்பவள்ளி நடத்திய சாப்பாட்டுக்கடைக்கு மேல்மாடியை நான்தான் வாடகைக்கு எடுத்திருக்கிறேன். சூப்புக்கு நல்ல விலை போகும் கூட்டுக்காகக் குருவி வளர்க்க நினைத்தேன். ஜன்னல்களை அடைத்து, குருவிச் சத்தம் போடும் ஸ்பீக்கர் வைத்தேன். ஊர்க் குருவியெல்லாம் பக்கத்துக் கடைக்காரன் மாடிக்குப் போனதே தவிர, என் மாடியை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அதனால் பிட்காயின் மெஷின்கள் வைத்தேன். ஸ்பீக்கரை மட்டும் எடுக்கவில்லை. மெஷின் இரைச்சல் அந்தக் குருவிச் சத்தத்தில் அடங்கிப்போனது.

அந்த மெஷின்களுக்கு ஒரே வேலைதான். ஓயாமல் கணக்குப் போட வேண்டும். உலகமெங்கும் இப்படி மெஷின்கள் போட்டி போடுகின்றன; முந்துகிறவனுக்குக் காயின். ஆனால் கிடைப்பதில் பெரும்பகுதி கரண்ட் பில்லுக்கே போய்விடும். நான் அக்கா கடை மீட்டரைத் தாண்டிப் போகும்படி ஒரு கம்பி போட்டேன். மீட்டருக்குத் தெரியாமல் கரண்ட் மேலே வந்தது. அக்காவின் பில்லும் குறைந்தது. "நீ கை வச்ச நேரம் தம்பி, பில்லு பாதியாயிருச்சு லா," என்று எனக்கு மீன் தலையை எடுத்து வைத்தாள். ருசித்துத்தான் சாப்பிட்டேன்.

பிறகு புது மெஷின்கள் வந்தன. அதே கரண்டில் பல மடங்கு வேகம். காயின் விலை ஏறியது, என் பங்கு மட்டும் தேய்ந்தது. புதிது வாங்க எனக்கு வசதியில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். ஒழுங்காகப் பில் கட்டுகிறவனுக்குப் பழைய மெஷினை ஓட்டினால் நஷ்டம். புஞ்சாக் ஆலாமிலும் ரவாங்கிலும் அவற்றை இரும்பு விலைக்குத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குத்தான் கரண்ட் சும்மா வருகிறதே. வாங்கி வாங்கி அடுக்கினேன்.

பழைய மெஷின் ஒவ்வொன்றும் கொஞ்சம் கரண்டைக் கசியவிடும். பல சேர்ந்தால் மெயினில் உள்ள பாதுகாப்பு சுவிட்ச் விழுந்துவிடும். எங்கே கசிந்தாலும் உடனே விழுந்து ஆளைக் காப்பாற்றத்தான் அது இருக்கிறது. அது விழுந்தால் மாடியில் என் மெஷின்கள் நிற்கும், கீழே அக்காவின் கிரைண்டர் நிற்கும்.

"தம்பி, மெயினு விழுந்துகிட்டே இருக்கு. மாவு பாதியில நிக்குது. என்னான்னு வந்து பாரேன்."

பார்த்தேன். அந்தச் சுவிட்சையும் தாண்டிப் போகும்படி ஒரு துண்டுக் கம்பி போட்டேன். அதன்பின் அது விழவே இல்லை. எந்த வயர்மேனும் செய்யக்கூடாதது என்று பயிற்சியின் தொடக்கத்திலேயே சொல்லித்தருவார்கள். அந்தப் பயிற்சிக்கு என்னை அனுப்பியவளும் அக்காதான்.

கொஞ்ச நாள் கழித்து, கிரைண்டரைத் தொட்டால் கை சுருக்கென்கிறது என்றாள். "சிலிப்பர் போட்டுக்கக்கா, ஒன்னும் பண்ணாது," என்றேன். நானே கெட்டியான ரப்பர் சிலிப்பர் வாங்கிக் கொடுத்தேன். அவள்மேல் எனக்கு அக்கறை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

ஆயுத பூசை அன்று காலை கிரைண்டரைக் கழுவி, திருநீறு பூசி, மாலை போட்டிருந்தாள். மீதிச் சந்தனத்தை என்னிடம் நீட்டி, "உன் சாமானுக்கும் வையி," என்றாள். நான் மாடிக்குப் போகும்போது அவள் சிலிப்பர் வாசலில் கிடந்தது. கற்பூரம் காட்டி முடித்ததும் கிரைண்டரை ஒரு சுற்று ஓட்டுவாள். வருடா வருடம் அப்படித்தான். தரை ஈரமாக இருந்ததையும் பார்த்தேன். ஆனால் பூசையில் சிலிப்பர் போடச் சொல்ல முடியுமா? ஏன் என்று கேட்டால் கம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டிவரும். மேலே போய் ஒவ்வொரு மெஷினுக்கும் பொட்டு வைத்தேன்.

அவள் விழுந்தது எனக்குத் தெரியாது. மேலே ஒன்றும் நிற்கவில்லை.

அவள் மகன் யுவனேஸ்வரன் கத்திய பிறகுதான் இறங்கி வந்து மெயினை அணைத்தேன். அவன் அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தான். நான் கூடப் போகவில்லை. இரண்டு கம்பிகளையும் கழற்றிக்கொண்டிருந்தேன். விசாரிக்க வந்தவர்கள், சுவிட்ச் பழசு, அதனால் விழவில்லை, கிரைண்டர் வயரை யாரோ சரியாக மாட்டவில்லை என்றார்கள். அந்த வயரை மாட்டியவன் யுவன். "நான்தான் மாமா அம்மாவ கொன்னுட்டேன்," என்று என் தோளில் விழுந்து அழுதான். முதுகைத் தடவிக் கொடுத்தேன். அந்தக் கையைப் பார்க்கவே இப்போது கூசுகிறது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் கம்பிகளைத் திரும்பப் போட்டேன். கடை பூட்டிக் கிடந்தது, சாவி என்னிடம். கீழே யாரும் எதையும் தொடப்போவதில்லை என்று உறுதி செய்துகொண்டுதான் போட்டேன்.

நேற்று யுவன் வந்தான். "சாவி குடுங்க மாமா, கடைய தொறக்கப் போறேன். அம்மா கிரைண்டர்லயே மாவு அரைக்கணும்." அப்புறம் கொடுக்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். கண்ணை மூடினால் அவன் அந்த ஈரத்தரையில் வெறுங்காலோடு நிற்கிறான். அதனால்தான் இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன். என் அக்காவைக் கொன்றது நான்தான், சார். எழுதிக்கொள்ளுங்கள். அவன்மேல் தப்பில்லை என்று அவனிடம் சொல்லிவிடுங்கள்.

அந்தக் கம்பியைக் கழற்றிவிட்டே வந்திருக்கலாமே என்கிறீர்கள். சாவி என் பையில்தான் இருக்கிறது, நான் கொடுத்தால்தானே அவன் திறப்பான். காயின் விலையும் இந்த வாரம் ஏறிக்கொண்டிருக்கிறது.