இடது கை முறுக்கு

எனக்கு ஆறின டீதான் புடிக்கும் சார். அதனால நீங்க அவசரப்பட வேணாம், நிதானமா எழுதிக்குங்க. நான் ஒண்ணையும் மறைக்கப் போறதில்ல.

பேரு சம்பந்தம். ஆரணியில பாவு பிணைக்கிற வேலை, பாவுன்னா தறியில நெடுக்கா ஓடற நூலு. தறியில ஒரு பாவு முடியறப்போ, பழைய இழை நுனியில புது இழையைச் சேர்க்கணும். நாலாயிரத்துக்கு மேல இழை இருக்கும். ஒண்ணுலகூட முடிச்சு போடக்கூடாது, போட்டா அச்சுல மாட்டிகினு அறுந்துடும். விரல்ல சாம்பல் தொட்டு ரெண்டு நுனியையும் சேர்த்து முறுக்கி விடணும், அவ்ளோதான். நேரா இழுத்தா தாங்கும். உதறி இழுத்தா வழுக்கிடும். நான் இடது கைக்காரன், என் முறுக்கு எதிர்ப்பக்கம் போவும். தறிக்காரங்க பார்த்த உடனே சொல்லிடுவாங்க, இது பீச்சாங்கை சம்பந்தம் வேலைன்னு.

தொண்ணூத்திநாலுல நூலே வராம நாலு மாசம் தறி சும்மா கெடந்துச்சு. நானும் என் தம்பி தமிழ்வாணனும் ஜவ்வாது மலைக்குச் சந்தனக்கட்டை தூக்கப் போனோம். தப்புதான். நாலாவது தடவை ஃபாரஸ்ட் ஆளுங்க சுத்திகினாங்க. பாறையில கயிறு கட்டி இறங்கினாத்தான் தப்பிக்கலாம். ஒரு கயிறு எட்டல, ரெண்டை என் வழக்கப்படி சேர்த்தேன். "முடிச்சு போடுண்ணா"ன்னான் அவன். "முடிச்சு பாறை இடுக்குல மாட்டும். எனக்கே சொல்லித் தர்றியா? ஜல்தி இறங்கு"ன்னேன். அவன் சிரிச்சிகினே இறங்கினான்.

முள்ளு முறியற சத்தம் கேட்டு நான் புதருக்குள்ள பூந்துட்டேன். உடனே தம்பி கத்தினது கேட்டுச்சு. தலையைத் தூக்கினா, கயிறு கட்டின மரத்தாண்ட ஃபாரஸ்ட் கார்டு அனந்தராஜ் நிக்கிறாரு, கையில வெட்டுக்கத்தி. வேற இன்னா பார்க்கணும் சார்? தம்பிக்கு இருபத்திரண்டு வயசு. அவனை அப்படியே போட்டுட்டு நான் ஓடி வந்தேன். ஓடறப்பவே முடிவு பண்ணிட்டேன், இந்தாளும் இதே பாறையிலதான் போவணும்னு.

ரெண்டாயிரத்து மூணுல அவரு ரிட்டயர் ஆயி ஆரணிக்கே குடி வந்துட்டாரு. வந்த வாரமே விசாரிச்சிகினு வந்து என் வீட்டுக் கதவைத் தட்டினாரு. "உன் தம்பியை நான்தான் தோள்ல போட்டு இறக்கினேன். ஒம்பது வருஷமா அந்தக் கனம் போவலப்பா"ன்னாரு. உள்ள வாங்கன்னேன். நினைச்சதை வாசல்ல வெச்சா செய்ய முடியும்?

அவரு ஜைனரு, வந்தவாசிப் பக்கம். ஊர்ல எல்லாரும் கூப்பிடற மாதிரி நானும் நயினார்னு கூப்பிட்டேன். பொழுது சாஞ்சா ஒரு வாய் சாப்பிட மாட்டாரு. எறும்புச் சாரி கண்டா சுத்திகினு போவாரு. என் பொண்டாட்டி ஜெயம் வெங்காயம் பூண்டு இல்லாம குழம்பு வெச்சு, வெயில் இருக்கும்போதே அவருக்கு இலை போடுவா. "எறும்பை மிதிக்காதவரா கயிறை வெட்டினாரு?"ன்னு ஒரு நாள் கேட்டா. அதெல்லாம் ஊருக்கு உபதேசம்டின்னு வாயை அடைச்சேன். எனக்கு டைபாய்டு வந்தப்போ எட்டு நாள் ஆஸ்பத்திரியில பக்கத்துலயே குந்திகினு இருந்தாரு. வெளியில வந்தப்பறம் நான் வேலை செய்யறப்போ வந்து, மணிக்கணக்கா என் விரலையே பார்த்துகினு இருப்பாரு. எனக்கு அவரைப் புடிச்சுது சார். அதையும் எழுதிக்குங்க. புடிச்சுதுன்னு விட்டுட முடியுமா?

நான் அவரை மலைக்குக் கூப்பிடல. அவராத்தான் கேட்டாரு, "பன்னெண்டு வருஷம் ஆச்சு, அவன் விழுந்த எடத்துல உங்க வழக்கப்படி ஒரு சூடம் ஏத்திட்டு வந்தா மனசு ஆறும்"னு. நேத்து காலையில போளூர் போயி ஜமுனாமரத்தூர் பஸ் ஏறினோம். வாழைப்பழம் உரிச்சிகினே சொன்னாரு:

"உன்னை ஒண்ணு கேக்கணும்பா. நான் முள்ளை வெட்டிகினு மரத்தாண்ட வர்றதுக்குள்ள அவன் விழுந்துட்டான். கயிறை யாரும் வெட்டல, அது அறுந்து போவவும் இல்ல. நுனி மெலிஞ்சு போயி, திருநீறு மாதிரி இன்னாவோ ஒட்டிகினு இருந்துச்சு. எனக்கு இன்னி வரைக்கும் புரியல. துண்டு பையிலதான் இருக்கு, பாக்குறியா?"

பார்க்கலன்னேன். எனக்குக் கோவம் வந்துச்சு. பன்னெண்டு வருஷமா நான் சுமந்ததை ஒருத்தன் வாழைப்பழம் தின்னுகினே இறக்கி வெய்யின்னா கோவம் வராதா? அதுவரைக்கும் கொஞ்சம் ரோசனையாத்தான் இருந்தேன். அப்பால இல்ல.

பாறைக்குப் போனப்போ பதினோரு மணி. எனக்கு முட்டி வலி, இறங்க முடியாதுன்னு சொன்னேன். அறுபத்தோரு வயசுலயும் அவரு கெட்டியான ஆளு. நான் திரும்பி குந்திகினு ரெண்டு கயிறைச் சேர்த்து, ஒரு நுனியை அதே மரத்துல கட்டினேன். சாம்பல் டப்பா எப்பவும் என் மடியில இருக்கும். சேர்த்த எடத்துல, பாறை உரசாம இருக்கணும்னு சொல்லித் துணி சுத்திட்டேன். அவரு தொட்டுக்கூடப் பார்க்கல. "சம்பந்தம் கை பட்டதாச்சே, போதும்"ன்னு சூடத்தை இடுப்புல சொருவிகினு இறங்கினாரு. பாதி தூரத்துல ஒரு வளைவு, காலை மாத்தி வெக்க உடம்பை ஒரு உதறு உதறணும். அது எனக்குத் தெரியும். அங்க போனதும் என் கையில இருந்த கயிறு லேசாயிடுச்சு. அவரு கத்தல.

கொஞ்ச நேரம் அங்கயே குந்தியிருந்தேன். மனசு நிறைஞ்சுதான் இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். இந்தத் தடவை ஓடல. மிச்சக் கயிறை அவிழ்த்துகினு, அவரு பையைத் திறக்காமலே எடுத்துகினு நேரா உங்ககிட்ட வந்தேன். அனந்தராஜைக் கொன்னது நான்தான், எங்க கையெழுத்துப் போடணுமோ சொல்லுங்க.

அந்த மேஜை மேல ரெண்டு துண்டு வெச்சிருக்கீங்க. ஒண்ணு நேத்து நான் சேர்த்தது. இன்னொண்ணு அவரு பையில இருந்துச்சுன்றீங்க, தொண்ணூத்திநாலுன்னு சீட்டு எழுதிக் கட்டியிருக்கு. ரெண்டுலயும் சாம்பல் இருக்கு. ரெண்டும் இடது கை முறுக்கு. பார்த்துட்டேன் சார், எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது. நயினாரு மூணு வருஷமா என் பக்கத்துல குந்திகினு என் கைவேலையைக் கத்துகினு, இந்தப் பழசை அவரே முறுக்கி வெச்சிருக்காரு பாருங்க.