சுந்தரவல்லி அக்காவின் மூன்றாம் சரணங்கள்

(டெல்லி கரோல் பாக், 16-2-1986, ஞாயிறு மாலை)

தலைமை ஏற்றிருக்கும் பாமாலை மன்றத் தலைவர் நல்லசிவம் ஐயா அவர்களே! செயலாளர் இராஜமாணிக்கம் அவர்களே! சென்னையிலிருந்து வந்திருக்கும் பாடகர் ஜோதிலிங்கம் அவர்களே! முன்வரிசையில் இருக்கும் சுந்தரவல்லி அக்காவின் வீட்டுக்காரர் ஏகாம்பரம் அண்ணாச்சி அவர்களே, மகள் வள்ளியே! எங்கள் செவ்வாய்க்கிழமை பஜனைப் பெண்கள் பத்துப் பேரே! சால்வையும் ஸ்வெட்டருமாக வந்திருக்கும் ஆண்கள் முப்பத்தெட்டுப் பேரே, மற்றப் பெண்கள் இருபத்தாறு பேரே! எல்லோருக்கும் கோவிந்தம்மாளின் வணக்கம். எண்ணித்தான் சொன்னேன். பஜனைக்கு யார் யார் வந்தார்கள், என்ன பாட்டுப் பாடினோம் என்று பதினான்கு வருடமாக நோட்டில் எழுதி வருகிறவள் நான். பள்ளிக்கூடம் போய்ப் படித்த எழுத்தல்ல. கந்தன் பாட்டை எழுதி எழுதிப் படிந்த எழுத்து.

பாமணி சுந்தரவல்லி அம்மையார்! பாமணி என்ற பட்டத்தை நம் மன்றம்தான் கொடுத்தது. எப்போது கொடுத்தது? அக்கா கண் மூடியது இந்த மாதம் நாலாம் தேதி. பட்டம் கொடுத்தது பதிமூன்றாம் தேதி. பெருமைப்படுவோம்!

எனக்கு முன்னால் பேசிய மூன்று பெரியவர்களும் ஒன்றையே சொன்னார்கள். "அம்மையார் மேடையை நாடாதவர், அடக்கத்தின் வடிவம்." யார் சொன்னது? அக்கா உங்களிடம் சொன்னாரா?

1976-ஆம் வருடம் கந்த சஷ்டி விழா. அரக்குப் பட்டு உடுத்தி, மடியில் சுருதிப் பெட்டியை வைத்துக்கொண்டு, மேடைப் படிக்குப் பக்கத்தில் மத்தியானம் மூன்று மணியிலிருந்து உட்கார்ந்திருந்தார் அக்கா. விளக்கு வைத்த பிறகு செயலாளர் வந்து குனிந்தார். "நேரமில்லீங்கம்மா. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்." அடுத்த வருடமும் அதே பட்டு, அதே படி, அதே பேச்சு. 84 வரைக்கும் ஒன்பது சஷ்டிக்கும் என் நோட்டில் ஒரே வரிதான் இருக்கிறது. "அக்கா பாடவில்லை. நேரமில்லை." இதற்குப் பெயர் அடக்கமா?

முதல் சஷ்டி அன்று வீட்டுக்கு, ஆர்.கே.புரம் திரும்பும் பஸ்ஸில் நான் அழுதுவிட்டேன். அக்கா என் தொடையில் தட்டினார். "ஏ கோவிந்தம்மா, எதுக்கு அழுத? முருகனுக்குப் பன்னெண்டு காது. அவருக்கு மைக்கே வேண்டாம். இவங்களுக்கு இருக்கிற ரெண்டுதான் கேக்க மாட்டேங்கு" என்றார். பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தோம்.

அக்கா கட்டிய பாட்டு நூற்றுப் பன்னிரண்டு. மேடையில் அவர் பாடியது ஒன்றுகூட இல்லை. பிறர் பாடியது? ஜோதிலிங்கம் அவர்களின் இரண்டு கேசட்டுகளில் ஒன்பது. கல்யாணக் கச்சேரிகளில் எத்தனை என்று எனக்கே தெரியாது. போன வருடம் இதே கரோல் பாகில் ஒரு பாத்திரக்கடை ஸ்பீக்கரில் அக்காவின் மெட்டில் ஒரு இந்தி பஜன் ஓடியது. அக்கா நின்றுவிட்டார். "பையா, யே கானா கிஸ்கா ஹை?" என்று கேட்டார், இந்தப் பாட்டு யாருடையது என்று. "பஹுத் புரானா ஹை, மாதாஜி. பகவான் கா ஹை" என்றான் கடைக்காரன். ரொம்பப் பழசாம், பகவானுடையதாம். அக்கா என்னைப் பார்த்து, "பகவான் பேருக்குப் போனா சந்தோசம்தான். ஜோதிலிங்கம் பேருக்குல்லா போகுது!" என்றார்.

சபையோரே, மற்றவர்களை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு இறங்க நான் வரவில்லை. முதல் குற்றம் என்னுடையது.

அக்காவின் பாட்டு ஒவ்வொன்றுக்கும் மூன்று சரணம். மூன்றாவதில் தன் பெயரை வைத்து முடிப்பார். பாட்டுக் கட்டுகிறவர்களின் வழக்கம் அது. அதுதான் அவர்கள் போடும் கையெழுத்து. 77-இல் பஜனைக்காகப் பாட்டுகளை ஸ்டென்சிலில் எழுதி, பிரதி எடுத்துக் கொடுத்தேன். ஒரு தாளில் இரண்டு பாட்டு அடங்கவேண்டும் என்று என் சிக்கன புத்தி சொன்னது. ஒவ்வொரு பாட்டிலும் மூன்றாம் சரணத்தை விட்டுவிட்டேன்! அக்காவிடம் கேட்டுத்தான் செய்தேன். "விடு, நம்ம பன்னெண்டு பேருக்கு என் பேரு தெரியாதாக்கும்?" என்றார். பன்னிரண்டு பேருக்குத் தெரியும். அந்தத் தாள் டெல்லியைத் தாண்டிப் போகும் என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

அந்தத் தாளைப் பார்த்துத்தான் பாடினேன், பெயர் தெரியாது என்று ஜோதிலிங்கம் தம்பி சொல்லலாம். தம்பி, 81-இல் மூன்று நாள் மத்தியானம் அக்காவின் குவார்ட்டர்ஸில் உட்கார்ந்து மெட்டுப் படித்தீர்களே! அவர் சுட்ட அடையைத் தின்றுகொண்டே, "இன்னொருக்கா பாடுங்கம்மா, அந்த எறக்கம் புடிபடல" என்றீர்களே! அடுப்புக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருந்தேன். தாளில் இல்லாத இந்த அடிகளையும் அக்கா உங்களுக்குப் பாடிக் காட்டினார்:

அடுப்படியில் நின்றழைத்தேன் ஆறுமுகா – சுந்தரவல்லி
தடுக்கிவிழும் சொல்லையும்நீ தாங்கிடப்பா

கேட்டுத் தலையாட்டினீர்கள். கேசட்டில் அந்த இடத்தில் புல்லாங்குழல் வருகிறது. அட்டையில் "மரபுப் பாடல்கள். இசையமைத்துப் பாடியவர் ஜோதிலிங்கம்" என்று இருக்கிறது. மரபு என்றால் யார்? மரபு எந்தச் செக்டரில் குடியிருந்தது? மரபு உங்களுக்கு அடை சுட்டதா?

அந்த அட்டையை வள்ளி ஒருநாள் கையில் எடுத்தாள். டெல்லியில் பிறந்த பெண். தமிழ் பேசுவாள், படிக்க வராது. "மம்மி, இது உன் பாட்டுன்னு ஸ்கூல்ல யாரும் நம்ப மாட்டேங்கறாங்க. இதுல உன் நேம் எங்க இருக்கு? காட்டு, நான் போய்க் காட்டறேன்" என்றாள். அக்கா அட்டையை வாங்கினார். பிறகு "மரபுப் பாடல்கள்" என்ற எழுத்தின் மேல் விரலை வைத்து, "இந்தா, இதுதான்" என்றார். பொய் சொல்லி அறியாத அக்கா பெற்ற மகளிடம் சொன்ன பொய் அது. வள்ளி, இத்தனை பேர் நடுவில் உனக்குத் தெரியவேண்டி வந்ததே! மன்னித்துக்கொள் கண்ணே. அந்தப் பொய்யை உன் அம்மா வாயில் வைத்தவர்கள் நாங்கள்.

சற்று முன் செயலாளர் ஒரு செய்தி அறிவித்தார். நீங்களும் கை தட்டினீர்கள். பங்குனி உத்திரத்துக்கு அஞ்சலிக் கேசட் வரப்போகிறதாம். ஜோதிலிங்கம் அவர்கள் அக்காவின் புதுப்பாட்டுப் பன்னிரண்டைப் பாடப் போகிறாராம். கோவிந்தம்மாளிடம் இருக்கும் நோட்டை இன்றே வாங்கிக்கொள்வார்களாம். அந்தப் பன்னிரண்டு பாட்டும் என் நோட்டில் மட்டும்தான் இருக்கின்றன. இன்று தரமாட்டேன். பெயர் இல்லாமல் கொடுத்த தாள் செய்த வேலை போதும்.

வரும் செவ்வாயிலிருந்து நாங்கள் பதினொரு பேரும் அக்காவின் பாட்டுகளை மூன்று சரணத்தோடும் பாடுவோம். ஒரு தாளுக்கு ஒரு பாட்டாக மறுபடி எழுதுவேன். கை ஓயும்வரை எழுதுவேன். இது முருகன் மேல் ஆணை!

தலைவர் ஐயா, ஜோதிலிங்கம் தம்பி, இரண்டு பேரிடமும் கேட்கிறேன். புதுக் கேசட்டில் மூன்றாம் சரணம் இருக்குமா? புது அட்டையிலும், பழைய இரண்டை மறுபடி அச்சிடும்போது அவற்றின் அட்டையிலும், பாட்டும் மெட்டும் சுந்தரவல்லி என்று தமிழிலும் இந்தியிலும் இருக்குமா? தம்பிக்குப் புதன்கிழமை ரயில் என்று கேள்விப்பட்டேன். செவ்வாய் மாலை பஜனைக்கு ஏகாம்பரம் அண்ணாச்சி வீட்டில்தான் இருப்பேன். வாய்வார்த்தை வேண்டாம், எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், நோட்டைத் தருகிறேன். பதிலைச் சீக்கிரம் சொல்லிவிடுங்கள்.