ஐந்தாவது படம்

ஆடி மாதம். உச்சி வெயில். பரவை ஊரைத் தாண்டிப் பிரியும் மண்சாலையில் ஈ காக்கை இல்லை... ஸ்கூட்டியில் போனது ஒருத்தி மட்டும். கிட்ட வந்து உட்காருங்கள், சத்தம் போட்டுச் சொல்கிற கதை இல்லை இது. போனவள் நம் கனகாவின் சித்தி மகள் சத்யப்ரியா.

வெப்சைட் செய்து தருவது அவள் வேலை. ஒரு கல்யாண மண்டபத்துக்குச் செய்து கொடுத்திருந்தாள். மண்டபத்துக்குள் திறந்தால் மட்டும் பக்கம் வராமல் இழுக்கிறது என்று ஓனர் புகார். ஆடியில் ஏது கல்யாணம்? காவலாளி பால்பாண்டி பூட்டைத் திறந்துவிட்டார். உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்றுகொண்டார்.

காலி ஹால். நடுவில் உட்கார்ந்து லேப்டாப்பில் பக்கத்தைத் திறந்தாள். எங்கிருந்தோ வாடிய மல்லிகை வாசனை.

எந்தப் படம் எந்த நொடியில், திரையின் எந்த இடத்தில், எவ்வளவு பெரிதாகத் தோன்றியது... எல்லாவற்றையும் பிரவுசர் குறித்துவைக்கும். அதை எழுத்தாக மாற்றி எடுத்தாள். பார்த்தாள். கூட வேலை பார்க்கும் ஜுல்பிகருக்குப் போன் போட்டாள். அவர் கோரிப்பாளையத்தில் இருந்தார்.

"அண்ணே, நம்ம பக்கத்துல நாலு படந்தான? இங்க அஞ்சு வருது."

"அஞ்சாவதுக்குப் பேரு?"

"பேரே இல்லண்ணே."

"பழசு ஏதாச்சும் ஒட்டிக்கிட்டிருக்கும். ரிஃப்ரெஷ் பண்ணும்மா."

பண்ணினாள். திரையில் நாலு. எழுத்தில் ஐந்து. எழுத்துப்படி அந்த ஐந்தாவது, முதலில் கீழ் மூலையில் கட்டைவிரல் அகலம் இருந்தது, இப்போது உள்ளங்கை அகலம். இன்னொரு தடவை... பாதித் திரை. அந்த இடத்தில் கண்ணுக்குத் தெரிந்தது வெறும் வெள்ளைதான்.

பின்னால் இரும்பு நாற்காலி ஒன்று கிர்ர்ரென்று இழுபட்டது. நின்றது.

"நான் தொறந்தா நாலுதான் வருது. நீ மொதல்ல வெளிய வா," என்றார் ஜுல்பிகர். குரல் மாறியிருந்தது.

லேப்டாப்பை அள்ளப் போனதில் ரிஃப்ரெஷ் மறுபடி அழுந்திவிட்டது. முழுத் திரை. மல்லிகை வாசனை பிடரிக்குப் பக்கத்தில்... லேப்டாப்பைப் படாரென்று மூடினாள்.

"வாட்ச்மேன் அண்ணே, வாரேன்!"

"வாங்கம்மா. கூட வந்தவுகளையும் கூட்டிட்டு வாங்க, பூட்டணும்."

ஓடினாள். செருப்பு கழன்றதுகூடத் தெரியவில்லை. வண்டிக்குப் பக்கத்தில் வந்துதான் திரும்பிப் பார்த்தாள். பால்பாண்டி கதவை மூடாமல் பிடித்துக்கொண்டு, ஓரமாக ஒதுங்கி நின்றார்.

"பாத்தும்மா... படி இருக்கு," என்றார், காலி வாசலைப் பார்த்து. கொஞ்சம் பொறுத்து, பூட்டினார்.