தாய்மாமன் சர்வர்

மூன்று வயதுக் குழந்தைக்கு முடி சீக்கிரம் வளர்ந்துவிடும். ஆமத்தூரில் என்னைத் திட்டுகிறவர்கள் இதை மட்டும் வசதியாக மறந்துவிடுகிறார்கள். ஆகவே நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் முனியராஜ். சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன். அது பிழைப்பு. என் உயிர் மாடி அறையில் இருக்கிறது, பழைய கம்ப்யூட்டரைப் பிரித்துக் கோத்து நானே உண்டாக்கிய சர்வரில். ஊரார் தங்கள் படங்களை இன்டர்நெட்டில் எவனோ முகம் தெரியாதவனிடம் சேமிக்கக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார்கள். நம் வீட்டுப் படம் நம் வீட்டில் இருக்கட்டும் என்றால் சிரிக்கிறார்கள். சர்வர் இருந்தது, அதைப் பயன்படுத்த ஓர் ஆள் இல்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அழுகையே வந்தது.

அக்கா பானுப்பிரியாவுக்கு ஒரே மகள், இசைவாணி. ஆவணியில் குலதெய்வக் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்தினோம். தாய்மாமன் நான், என் மடியில்தான் உட்கார்ந்தாள். அவள் அப்பா, என் மச்சான் முத்துப்பாண்டி, குவைத்தில் கிரேன் ஓட்டுகிறார். லீவு கிடைக்கவில்லை. படங்களைப் போனில் அனுப்பவேண்டாம், தீபாவளிக்கு வந்து மகளை மடியில் வைத்துக்கொண்டு டிவியில் பெரிதாகப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டார். அந்த ஆசையிலேயே அங்கே வெயிலில் கிடந்தார்.

போட்டோக்காரர் சீனிச்சாமி கொடுத்த படங்களை அக்கா தன் போனில் வைத்திருந்தாள். போன் என்றால் தொலையும், தண்ணீரில் விழும். அவள் குளிக்கப் போன நேரத்தில் எல்லாவற்றையும் என் சர்வரில் ஏற்றிவிட்டுப் போனில் இருந்ததை அழித்தேன். திருடவில்லை, இடம் மாற்றினேன். இனி மகளைப் பார்க்க அவள் என் சர்வருக்குத்தான் வந்தாகவேண்டும். வந்தாள். வாய் ஓயாமல் திட்டிக்கொண்டேதான் வந்தாள். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

சர்வருக்குள் கண்டெய்னர்கள் உண்டு. நம் பட்டாசுக் கம்பெனிகளில் ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி அறை இருக்கும் அல்லவா, ஒன்று வெடித்தாலும் அடுத்தது பிழைக்கட்டும் என்று? அதேதான். மென்பொருள் ஒன்றுக்கு அறை ஒன்று. அறையை எப்போது வேண்டுமானாலும் இடித்துவிட்டுப் புதிதாக எழுப்பலாம். ஒரே விதி, முக்கியமான பொருளை அறைக்கு வெளியே வைக்கவேண்டும். இதை நான் கம்பெனியில் மற்றவர்களுக்கு வகுப்பே எடுத்திருக்கிறேன்.

ஆயுத பூஜை வந்தது. தெருவில் டிராக்டர், பைக், கிரைண்டர் எல்லாம் குளித்துப் பொட்டு வைத்துக்கொண்டு நின்றன. அக்கா மாடிக்கு ஏறி வந்து பார்த்தாள்.

“ஏலே, அம்புட்டுப் பேரும் கழுவித் தொடச்சு வச்சிருக்காக. ஒம் பெட்டி மட்டும் இப்படி நாறிக் கெடக்கு.”

நியாயமான பேச்சு. தூசி துடைத்தேன், சந்தனம் குங்குமம் வைத்தேன். வெளியே மட்டும் துடைத்தால் சாமி ஏற்குமா? உள்ளே இருந்த பழைய கண்டெய்னர்களையும் கழித்துவிட்டுப் புதியவற்றை எழுப்பினேன். சூடம் அணைவதற்குள் முடிந்துவிட்டது. எல்லாம் துப்புரவாக இருந்தது. படங்களும் இல்லை. அவற்றை நான் கண்டெய்னர் அறைக்குள்ளேயே வைத்திருந்தேன். இன்னொரு நகல் எடுத்து வைப்பதை அடுத்த வாரத்துக்குத் தள்ளியிருந்தேன்.

அக்காவிடம் உண்மையைச் சொல்லலாம்தான். சொன்னால் சர்வரை மாடியிலிருந்து தூக்கி எறிவாள். சொந்தக்காரர்கள் போன்களில் தேடினேன். அவரவர் முகமும் அவரவர் சாப்பாட்டு இலையும்தான் இருந்தன.

ஆகவே சாமி என் கனவில் வந்தது. கம்ப்யூட்டர் படித்தவன் கனவு விஷயத்தில் பொய் சொல்லமாட்டான் என்று ஊரில் ஒரு நம்பிக்கை. போன தடவை கொடுத்த முடி என்னிடம் வந்து சேரவில்லை, தகப்பன் முன்னால் மறுபடி மொட்டை போட்டுக் காது குத்து என்று சாமி கேட்டதாகச் சொன்னேன். பழைய படங்களை இனி யாரும் திறக்கக் கூடாது, தகப்பன் கண்ணில் காட்டவே கூடாது என்றும் சாமி சேர்த்துச் சொன்னது. அக்கா நடுங்கிப்போனாள்.

மச்சான் வந்த மறுநாளே கிடா வெட்டினோம். பட்டாசு சீசன் மும்முரத்தில் லோடு ஏற்றுகிறவர்கள்கூட வேலையைப் போட்டுவிட்டு வந்தார்கள். சீப்பு நிற்கும் அளவுக்கு அப்போதுதான் வளர்ந்திருந்த முடி போனது. காதில் ஏற்கெனவே ஓட்டை இருந்ததால் ஆசாரி சற்று மேலே குத்தினார். இசைவாணி என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

“மாமா, அன்னைக்கே குத்தியாச்சுல்ல.”

சரியான கேள்வி. நான் அவள் தலையைத் திருப்பி அடுத்த காதைக் காட்டினேன்.

மச்சான் கண் கலங்கி என் கையைப் பிடித்துக்கொண்டார். நேரில் பார்க்கக் கொடுத்துவைத்திருந்தது மாப்பிள்ளை என்றார். என்னைக் குறை சொல்கிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

பந்தியில்தான் காரியம் கெட்டது. சீனிச்சாமி கறிச்சோற்றைப் பிசைந்துகொண்டே அக்காவிடம் சொல்லிவிட்டார்.

“மொதத் தடவை எடுத்த படம் பூரா எங்கிட்டயே இருந்துச்சு தாயி. தம்பிதான் அழிக்கச் சொன்னாக.”

அது உண்மை. பூஜைக்கு மறுநாளே அவர் எனக்குப் போன் செய்து, பென்டிரைவில் ஒரு நகல் கிடக்கிறது, வேண்டுமா என்று கேட்டார். வாங்கியிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். ஆனால் ஒரு பென்டிரைவே போதும் என்று அக்காவுக்குத் தெரிந்துவிட்டால் அப்புறம் என் சர்வருக்கு யார் வருவார்கள்? அழித்துவிடுங்கள் என்றேன்.

அக்கா என்னோடு பேசுவதில்லை. இசைவாணி என்னைக் கண்டால் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறாள். கோபத்தில் இருப்பவர்களுக்கு நல்லது கண்ணில் படாது. இவ்வளவு நடந்தும் சர்வர் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை.