லைப்ரரியில இருக்கச் சொன்ன பிள்ளை

பூட்ஸை உதிலயே விட்டிட்டு வாங்கோ பிள்ளை. இந்த ஸ்னோவுக்க பஸ்ஸிலயே வந்தனீங்கள்? பள்ளிக்கூடம் தமிழ் தெரிஞ்ச ஆளைத் தேடிப்பிடிச்சு அனுப்பியிருக்குது, நல்லது. நான் சொல்லுறதை ஒண்டும் குறைக்காம அவைக்கு இங்கிலிசில சொல்லுங்கோ.

ஓம், நிருஜா என்ர மகள்தான். ஏன் வகுப்புக்கு வாறேல்லையெண்டு கேக்கினமோ? சொல்லுறன், முதல்ல இருந்து சொன்னாத்தான் சரி.

உந்தப் பாடம் இருக்கெல்லே, பொம்பிளையும் பொம்பிளையும் குடும்பமா இருக்கலாமெண்டு படிப்பிக்கிறது? என்ர பிள்ளை அதில இருக்கக்கூடாதெண்டு நான் பெற்றார் கூட்டத்தில எழும்பி நிண்டு சொன்னனான். தாய் தேப்பனுக்கு அந்த உரிமை இருக்குத்தானே? சனம் கை தட்டிச்சுது. பிறின்சிப்பலும் ஓமெண்டவர். அந்த நேரம் அவள் லைப்ரரியில இருக்கவேணும்.

இருந்தாளோ? களவா வகுப்பிலயே போய் இருந்திருக்கிறாள்! ரீச்சரும் பேசாம விட்டிருக்கிறா. கேட்டா, பிள்ளை அழுதுகொண்டு வந்து கேட்டதாம்.

வீட்ட வந்து கேட்டன், ஏனடி உனக்கு உந்தப் பாடமெண்டு. அது என்னைப் பற்றின பாடம் அம்மா எண்டாள். பயப்பிடாமச் சொல்லு, அம்மா விளங்கிக்கொள்ளுவா எண்டு ரீச்சர் சொன்னவவாம்.

ஓம், எனக்கு நல்லா விளங்கிச்சுது. ஒரு சத்தம் போடேல்லை நான். தலையைத் தடவி, சோறு குழைச்சுத் தீத்திவிட்டனான். சின்னப்பிள்ளை மாதிரி மடியில படுத்தே நித்திரையாப் போனாள், பாவம்.

ஏன் எழும்புறியள்? இருங்கோவன். அவளோட கதைக்கவேணுமோ? அதெப்பிடி? அவள் இஞ்ச இல்லையே, மட்டக்களப்பில. அவளின்ர சித்தப்பாவுக்கு வருத்தம் கடுமை, கடைசியா ஒருக்காப் பாப்பமெண்டு சொல்லித்தான் கூட்டிக்கொண்டு போனனான். பிளேனுக்குள்ள முழுக்க அவருக்காகக் கும்பிட்டுக்கொண்டு வந்தாள். அங்க போனா மனுசன் கேற்றடியில சிரிச்சுக்கொண்டு நிக்கிறார்.

பதினெட்டு ஆகட்டுமெண்டு பாத்துக்கொண்டிருந்தம். ஆன அண்டைக்கே கலியாண எழுத்து முடிச்சாச்சு. மாப்பிள்ளை சித்தப்பான்ர கூட்டாளிதான், தாரம் இழந்தவர். வயசு கொஞ்சம் கூட, ஆனா கண்டிப்பான மனுசன், இவளை வெளியில விடார்.

திரும்பியோ? எப்பிடி வருவாள்? பாஸ்போட்டை நான் கையோட கொண்டந்திட்டனே. பள்ளிக்கூடத்துக்குச் சொல்லுங்கோ, அவளின்ர கதிரையை வேற ஆருக்காவது குடுக்கட்டும்.