தட்டாத வால்வு

உங்கள் வண்டி வாசலுக்கு வரும்போதே கேட்டேன், ஐயா. வால்வு கொஞ்சம் தட்டுகிறது. பயப்பட வேண்டாம், அப்படியே விடுங்கள். தட்டுகிற வால்வு நல்ல வால்வு. இந்த ஸ்டூலில் உட்காருங்கள். அந்த நாற்காலியில் கிரீஸ் ஒட்டியிருக்கிறது.

என் தங்கை புருஷனும் இதே சத்தத்தைச் சொல்லிக்கொண்டுதான் வந்தார். பழைய வேன் அது. ஓட்டுகிறவர் இருக்கைக்கு அடியிலேயே இன்ஜின். மலைமேல் இருக்கும் விடுதிகளுக்குத் தண்ணீர்க் கேன் ஏற்றிப் போவார். என் பட்டறையைத் தவிர வேறெங்கும் அந்த வேன் பழுதுக்கு நின்றதில்லை.

"என்னக்கா, தகர டப்பால கல்லைப் போட்டுக் குலுக்குற மாதிரி இருக்கு. 'வண்டி வருதா, பாத்திரக்கடை வருதா'ன்னு விடுதிக்காரன் சிரிக்கிறான்."

"சிரிச்சா சிரிச்சுட்டுப் போறான். சத்தம் வந்தா வால்வு ஒழுங்கா மூடுதுன்னு அர்த்தம். வரலைன்னாதான் பயப்படணும்."

"பாடம் எடுக்காதக்கா. எனக்குச் சத்தம் வரக்கூடாது. அவ்ளோதான்."

அதற்கு முன்னால், என் தங்கை செத்த அன்றும் அவர் சத்தத்தைப் பற்றித்தான் பேசினார். "சாப்பிட்டுப் படுத்திருந்தேன். வயித்தப் புடிச்சுக்கிட்டு முனகிட்டே இருந்தா. சத்தம் போடாம படுன்னேன். அப்புறம் சத்தம் நின்னுடுச்சுக்கா. சரியாப் போச்சுன்னு நெனச்சேன்." அவள் தலைமாட்டில் நின்றுகொண்டு சொன்னார். மறைக்கவில்லை. அதை ஒரு நல்ல குணம் என்றுதான் சொல்ல வேண்டும்.

குடல்வால் வெடித்ததும் கொஞ்ச நேரம் வலி அடங்குமாம். அந்த அமைதியில்தான் விஷம் வயிறெங்கும் பரவுமாம். டாக்டர் சொன்னபோது எல்லோரும் விழித்தார்கள். எனக்குச் சட்டென்று விளங்கியது. வால்வும் அப்படித்தானே, ஐயா.

சூடானால் வால்வின் தண்டு நீளும். அதற்காக மயிரிழை இடைவெளி விட்டு வைப்போம். அந்த இடைவெளிதான் தட்டுகிறது. அதை அடைத்துவிட்டால் சத்தம் போய்விடும், ஆனால் வால்வு முழுசாக மூடாது. இடுக்கில் நெருப்பு புகுந்து விளிம்பைத் தின்னும். வெளியே ஒன்றும் தெரியாது.

இருக்கையைத் தூக்கினேன். எல்லா வால்வையும் இறுக்கினேன். பிறகு டைமிங்கைப் பின்தள்ளி, தீப்பொறி தாமதமாக விழும்படி வைத்தேன். தாமதமான நெருப்பு வெளியேறும் வழியிலும் எரிந்துகொண்டே போகும். வால்வு சீக்கிரம் கருகும். ஹேண்ட்பிரேக் ஒயர் தளர்ந்து கிடந்ததைப் பார்த்தேன். அவர் அதைச் சொல்லவில்லை. சொல்லாத வேலையை நான் செய்வதில்லை.

சாவியைத் திருப்பிக் காதைச் சாய்த்துக் கேட்டார். முகமெல்லாம் பல். "தையல் மெஷின் மாதிரி ஓடுதேக்கா! இழுவை மட்டும் கொஞ்சம் மந்தமா இருக்கோ?"

"ஓட ஓடச் சரியாயிடும்," என்றேன்.

அந்த வாரக் கடைசியில் முழு லோடோடு மலைக்குக் கிளம்பினார். லீவு நாளில் மகளையும் பக்கத்தில் உட்காரவைத்துக் கூட்டிப் போவது அவர் வழக்கம். சின்னவள் வேனருகே நின்று, "அப்பா வண்டி ஏன் பெரியம்மா பேசவே மாட்டேங்குது?" என்றாள். அவள் நெற்றியில் கைவைத்தேன். "புள்ளைக்கு உடம்பு சுடுது. இங்கேயே இருக்கட்டும்," என்றேன். உடம்பு சுடவில்லை.

ஏற்றத்தில் இன்ஜின் நின்றிருக்கும். அந்த வேனில் இன்ஜின் நின்றால் பிரேக் ஒன்றிரண்டு மிதிக்குத்தான் தாங்கும்; அப்புறம் மிதி கல்லாக இறுகிவிடும். ஹேண்ட்பிரேக்கை இழுத்திருப்பார், பாவம். பின்னால் அவ்வளவு தண்ணீர். கொண்டை ஊசி வளைவில் பின்பக்கமாகவே இறங்கிப் பள்ளத்துக்குப் போனதாக உங்கள் ஸ்டேஷன் ஆட்கள் சொன்னார்கள். அது எந்த வளைவு என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

விபத்து என்று எழுதிவிட்டீர்களாம். அதை அடித்துவிட்டு எழுதுங்கள். நான்தான் கொன்றேன். ஆனால் ஏமாற்றவில்லை. முதலில் உண்மையைச் சொன்னேன், பிறகு கேட்டதைச் செய்தேன். அமைதியை நம்பக்கூடாது என்று ஒரு மனுஷனுக்குப் பெண்டாட்டி செத்தும் உறைக்கவில்லையென்றால், வேறு யார் உறைக்கவைப்பது?

சின்னவளைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அந்த உள்ளறையில்தான் இருக்கிறாள். அப்பாவைக் கொண்டுவந்த அன்று கத்திக் கத்தி அழுதாள். அக்கம்பக்கமெல்லாம் கூடிவிட்டது. மடியில் போட்டு, "சத்தம் போடாம படு கண்ணு," என்றேன். சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை, ஐயா. அதற்கப்புறம் ஒரு சத்தம் இல்லை. சோறுகூடக் கேட்பதில்லை. சுவரைப் பார்த்தபடி படுத்திருக்கிறாள்.

சரியாகிவிட்டாள்.