அவையில் இருப்போர்

— கையைத் தூக்காதீங்க சார், அளவு தப்பிடும்.

— நான் தூக்கலம்மா. கோட்டுக் கை நீளமா இருக்கேன்னு மடிச்சுப் பார்த்தேன்.

— நாளைக்கு இந்தக் கோட்டைப் போட்டுக்கிட்டா கோர்ட்டுல நிக்கப் போறீங்க? தோள் ரெண்டும் தொங்குதே. யாருக்குத் தைச்சது இது?

— எனக்குத்தான் தைச்சது. கோட்டு அப்படியேதான் இருக்கு, நான்தான் சுருங்கிட்டேன். அதாவது, ரெண்டு வருஷமா என் சமையலை நானே சாப்பிடறேன்.

— இருங்க, விளக்கைப் போட்டுக்கறேன். இந்த ரூம்ல மத்தியானமே இருட்டிடும். ஹ்ம்... நீங்க கோட்டுக்காக வரல சார். டிவியைத் திறந்தா உங்க மூஞ்சிதான். நீங்களும் சாட்சி, நானும் சாட்சி. ரெண்டு பேரும் வாயே திறக்கக் கூடாதுன்னு வக்கீல் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கார்.

— எம்.பி. தையல் கடைக்குப் போகக் கூடாதுன்னு அரசியல் சாசனத்துல எங்கேயும் இல்லம்மா. நான் முழுசாப் படிச்சிருக்கேன்.

— நல்ல கதையா இருக்கே! சரி, திரும்பி நில்லுங்க. முதுகைப் பிடிக்கணும். ஊசி குத்தினா கத்தாதீங்க, ஏற்கெனவே பக்கத்துக் கடைக்காரன் எட்டிப் பார்க்கறான்.

— கூட்டம் வருதா உங்களைத் தேடி?

— நேத்து ஜனாதிபதிக்கு நின்ன மீசைக்காரர் ஆளுங்க, இன்னிக்கு டாக்டரம்மா ஆளுங்க. ஒருத்தராவது ஒரு ஜாக்கெட் தைக்கக் குடுத்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பேன். ஆமா, எனக்கு இந்த வழக்கே விளங்கல சார். வக்கீல் சொன்னப்ப தலை சுத்திச்சு. என் போனுக்கும் இந்த நாட்டு ஜனாதிபதிக்கும் என்ன சம்பந்தம்?

— ஜனங்க ஓட்டுப் போட்டாங்க இல்லையா? நான்தான் ஜெயிச்சேன்னு மீசைக்காரர் சொன்னார், இல்ல நான்தான்னு டாக்டரம்மா சொன்னாங்க. பெட்டியில சீல் சரியில்லைன்னு ஊரெல்லாம் தகராறு. அப்படித் தகராறாப் போனா, நாடாளுமன்றம் கூடி ஒருத்தரைத் தேர்ந்தெடுக்கணும்னு சாசனம் சொல்லுது. அதாவது, "அவையில் இருப்போரில் பாதிக்கு மேற்பட்டோர்" யாருக்குக் கை காட்டறாங்களோ, அவர்தான்.

— மீசைக்காரருக்கு நூறு விழுந்துதுன்னு போட்டாங்களே.

— நூறு. அந்தம்மாவுக்குத் தொண்ணூத்தொம்பது. நான் போடல. நான் அவையில இருந்தேன்னா மொத்தம் இருநூறு பேர். அப்ப நூறுங்கறது சரிபாதி, பாதிக்கு மேல இல்ல. திரும்ப ஓட்டெடுக்கணும். நான் இல்லைன்னா நூத்தித் தொண்ணூத்தொம்பதுதான். அவர் ஜெயிச்சாச்சு.

— அப்ப நீங்க இருந்தீங்களா, இல்லையா?

— அதைத்தாம்மா நாடே கேக்குது! காலையில வந்து கையெழுத்துப் போட்டேன். பேர் கூப்பிட்டு ஓட்டெடுக்கறப்ப கதவுகிட்ட நின்னு போன் பேசிட்டிருந்தேன். வாசல்ல ஒரு பித்தளைப் பட்டை பதிச்சிருக்கும். அதுக்கு உள்பக்கம் அவை, இந்தப் பக்கம் வராந்தா. ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே இருந்துதுன்னு காவலாளி சொல்லிட்டான். "இருப்போர்"னா என்ன அர்த்தம்னு அஞ்சு நீதிபதிங்க உக்காந்து மண்டையை உடைச்சுக்கறாங்க.

— நீங்க எந்தப் பக்கம் சார்? மீசையா, டாக்டரா?

— எந்தப் பக்கமும் இல்ல. நான் சுயேச்சை.

— கட்சியிலயும் சுயேச்சை, வீட்டுலயும் சுயேச்சை. கொஞ்சம் மூச்சை விடுங்க, இறுக்கிப் பிடிச்சா தையல் தெறிக்கும்.

— என் வீட்டுக்காரி இருந்தவரைக்கும் நான் சுயேச்சை இல்லம்மா. எந்த மசோதா வந்தாலும் வராந்தாவுக்கு வந்து போன்ல அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தான் ஓட்டுப் போடுவேன். அவ பள்ளிக்கூட டீச்சர். என்னையும் பின்பெஞ்சுப் பையனாத்தான் நடத்துவா. அவ போய்ச் சேர்ந்ததுக்கப்புறமும் என் கை அந்த நம்பரைத்தான் தேடும். "இந்த எண் உபயோகத்தில் இல்லை"ன்னு ஒரு பொம்பளைக் குரல் வரும். அதுகிட்டயே சொல்லிட்டு வந்து ஓட்டுப் போடுவேன். சிரிக்காதீங்க.

— சிரிக்கல சார்.

— அன்னிக்கு அந்த நம்பர்ல மணி அடிச்சுது. எடுத்தாங்க. யாருன்னு கேக்கக்கூட பயம். கேட்டா இல்லைன்னு ஆயிடுமேன்னு நானே பேசிக்கிட்டே போனேன்.

— அந்த நம்பரை வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்கன்னு உங்களுக்குத் தெரியாது. பாவம். எனக்கும்தான் தெரியாது. இந்த ஊருக்கு வந்து புது நம்பர் வாங்கினேன். வர்ற போனெல்லாம் டீச்சருக்குத்தான். "டீச்சர், நான் பாஸ் பண்ணிட்டேன்." "டீச்சர், எனக்குக் குழந்தை பொறந்திருக்கு." முதல்ல "இல்லீங்க, ராங் நம்பர்"னு வெச்சிடுவேன். அப்புறம் வெக்கத் தோணல. "ரொம்ப சந்தோஷம், நல்லா இருங்க"ன்னு சொல்லிடுவேன். எனக்குன்னு ஒரு போன் வந்ததில்ல சார், கரண்ட் பில்லைத் தவிர.

— புள்ளைங்க?

— எனக்கு மெஷின்தான் புள்ள. அது சத்தம் போடும், பதில் சொல்லாது. இந்தப் பக்கம் திரும்புங்க. என்னவோ கேக்க வந்தீங்களே, கேளுங்க.

— நீங்க, "கேட்டுக்கிட்டு மட்டும் இருந்தேன், எதுவும் பேசல"ன்னு கோர்ட்டுக்கு எழுதிக் குடுத்திருக்கீங்க. அது நிஜமாம்மா?

— ஏன் சார் அப்படிக் கேக்கறீங்க?

— இதை நான் யார்கிட்டயும் சொல்லல. உள்ளே என் பேரைக் கூப்பிட்டாங்க. ரெண்டாவது தடவையும் கூப்பிட்டாங்க. போன் காதுல இருக்கும்போதே ஒரு காலை எடுத்து உள்ள வெச்சேன். அப்ப ஒரு குரல். ரொம்ப சன்னமா, கடைசி மாசம் ஆஸ்பத்திரியில அவ பேசுவாளே, அதே மாதிரி. "இருங்க"ன்னுது. காலைப் பின்னால எடுத்துட்டேன். பட்டைக்கு இந்தப் பக்கம் வந்து அப்படியே நின்னுட்டேன். கதவைச் சாத்திட்டாங்க.

— கொஞ்சம் நேரா நில்லுங்க சார்.

— அவ அப்படித்தாம்மா சொல்லுவா. நான் அவசரப்பட்டா "இருங்க". கோபப்பட்டா "இருங்க". நீங்க பேசலைன்னா அது அவதானே? வேற யாரு? இந்த ரெண்டு வருஷத்துல எனக்குன்னு கிடைச்சது அந்த ஒரு வார்த்தைதான். அதை மட்டும் நீங்க உறுதியாச் சொல்லிட்டா, ஜனாதிபதி யாரா வேணா வரட்டும்.

— கொஞ்சம் பொறுங்க, ஊசியைக் கீழ போட்டுட்டேன். நாளைக்கு என்ன சொல்லப் போறீங்க?

— நடந்ததைத்தான். உள்ள ஒரு கால் வெச்சேன், எடுத்துட்டேன், நான் அவையில இல்லைன்னு. ஏன் எடுத்தேன்னு கேப்பாங்க. என் வீட்டுக்காரி இருக்கச் சொன்னா, இருந்துட்டேன்னு சொல்லுவேன்.

— செத்துப் போனவங்க சொன்னாங்கன்னா? சார், டாக்டரம்மா வக்கீல் உங்களைப் பைத்தியம்னு சொல்லி உங்க சாட்சியையே தூக்கிப் போட்டுடுவார். அவருக்கு வேண்டியது அதானே! உங்க பதவி போகும். தெருவுல பசங்க கூடக் கேலி பண்ணுவாங்க.

— பண்ணட்டும். கேலி பண்றதுக்காவது நாலு பேர் என்கிட்டப் பேசுவாங்க இல்ல? அவ சொன்னதை இல்லைன்னு என் வாயால சொல்ல மாட்டேம்மா.

— கோட்டைக் கழட்டுங்க.

— முடிஞ்சுதா?

— முடியல. அந்த ஸ்டூல்ல உக்காருங்க. அந்த எழுதிக் குடுத்த காகிதம்... அன்னிக்கு வாசல்ல ரெண்டு கட்சிக்காரனும் நின்னான் சார், பயந்துட்டேன். ஒண்ணும் பேசலன்னு சொன்னா விட்டுடுவாங்கன்னு நினைச்சேன்.

— புரியலம்மா.

— ரெண்டாவது தடவை உங்க பேரைக் கூப்பிட்டது எனக்கும் கேட்டுது. "கூப்பிடறாங்க, வெச்சிடறேன்"னு சொன்னீங்க. அதுவரைக்கும் நீங்க அவங்ககிட்ட என்னென்ன சொன்னீங்க... மொட்டைமாடிச் செடி காஞ்சு போச்சுன்னீங்க. ராத்திரியில அவங்க பக்கத்து விளக்கை இன்னும் அணைக்கறதில்லைன்னீங்க. இந்த ரூமுக்குள்ள யாரும் அவ்வளவு நேரம் பேசினதே இல்ல சார்.

— அம்மா... வேண்டாம்.

— வெச்சிடுவீங்களேன்னு பயந்து, நான்தான் "இருங்க"ன்னேன்.